நிற்காமல் போகும் வேன்கள்

பெல்மதுளைச் சந்தியில் கடை வைத்திருப்பவர்கள் அன்றாடம் காணும் காட்சி இது. உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிய வேன்கள் நம் கடைகளுக்கு முன்னால் வரிசையாகப் போகும். ஆனால் ஒன்றும் நிற்காது. கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி இங்கிருந்து பலாங்கொடைப் பக்கம் போகிறது. எம்பிலிப்பிட்டிய போகும் ஏ18 வீதியும் இங்கேதான் பிரிகிறது. பண்டாரவளைக்குப் போகிறவரும், உடவளவைக்கு யானை பார்க்கப் போகிறவரும் நம்மைத் தாண்டியே போகிறார்கள். அவர்களின் பணமும் நம்மைத் தாண்டியே போகிறது.

இந்த விடயத்தில் அண்டை நாடான மாலைதீவிடம் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஏறத்தாழ 1,200 தீவுகளில் சுமார் 200 தீவுகளில் மட்டுமே மக்கள் குடியிருக்கும் நாடு அது. 1972இல் குரும்பா என்ற முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது. அதன்பின் பல்லாண்டுகள் விடுதிகள் எல்லாம் ஆளில்லாத தீவுகளிலேயே எழும்பின. விமான நிலையத்தில் இறங்கும் பிரயாணி படகேறி நேரே விடுதிக்குப் போய்விடுவார். ஊர்த் தீவில் சில்லறைக்கடை வைத்திருந்தவர் அவர் முகத்தையும் காணவில்லை, காசையும் காணவில்லை.

2009ஆம் ஆண்டளவில் சட்டம் மாறியது. மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் சிறு விருந்தினர் விடுதிகள் நடத்த அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் சாதாரண குடும்பங்கள் அறை வாடகைக்கு விட்டன. சாப்பாட்டுக்கடை, படகுச் சவாரி எனத் தொழில்கள் பெருகின. ஊர்த் தீவுகளில் மதுபானம் விற்க முடியாது. அப்படியிருந்தும் வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். "சாராயம் இல்லாமல் டூரிஸ்ட் வியாபாரம் செய்ய முடியுமா?" என்று கேட்கும் நம்மவர்களுக்கு இது நல்ல பதில்.

2024இல் இலங்கைக்கும் மாலைதீவுக்கும் தலா 20 இலட்சத்துக்குச் சற்று அதிகமானோர் வந்தனர். அங்கே சனத்தொகை சுமார் ஐந்து இலட்சம். இங்கே இரண்டு கோடிக்கும் மேல். ஆகவே எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கோடு, அவர்கள் யார் கடையில் செலவழித்தார்கள் என்ற கணக்கும் நமக்கு முக்கியம்.

நம்மிடம் காட்டுவதற்கு என்ன இல்லை? 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனத்துக்கு இறக்குவானைப் பக்கமாகவும் போகலாம். 1972இல் தேசிய பூங்காவான உடவளவை இருக்கிறது. நாம் பாவாதமலை என்று சொல்லும் சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அக்காலம் முடிந்தால் சமன் தெய்வத்தின் சிலை நமது கல்பொத்தாவெல விகாரையில்தான் வைக்கப்படுகிறது. ஊர்வலம் புறப்படுவதும் அங்கிருந்துதான். தேயிலைத் தோட்டமும் மாணிக்கக் குழியும் வீட்டு வாசலில் இருக்கின்றன.

பின் ஏன் வேன் நிற்பதில்லை? நிறுத்துவதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் சாரதி. சுத்தமான கழிவறை, வாகனம் நிறுத்த இடம், நம்பிச் சாப்பிடக்கூடிய உணவு ஆகிய மூன்றும் உள்ள இடத்தில் அவர் நிறுத்துவார். கொமிஷன் கொடுத்தும் நிறுத்தலாம். ஆனால் அந்தக் கொமிஷன் கல்லின் விலையிலும் தேயிலையின் விலையிலும்தான் ஏறுகிறது. ஏமாந்தவர் அன்றிரவே தொலைபேசியில் எழுதிவிடுகிறார். அதை உலகமே வாசிக்கிறது.

இரத்தினக்கல் வியாபாரிகளுக்கு இன்னொரு வார்த்தை. கெவுடாவைச் சூடாக்கி நீலமாக்குவது தொழில். அதை மறைத்து விற்பது மோசடி. சூடாக்கிய கல் என்றால் அதைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். அளவையிலும் நிறுவையிலும் நேர்மை நம் மார்க்கத்தின் கட்டளை. வாடிக்கையாளரைத் திரும்பக் கொண்டுவருவதும் அதுதான்.

இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சுத்தமான கழிவறை கட்டலாம், நாலு வேன் நிற்க இடம் ஒதுக்கலாம், விலைப்பட்டியலை ஆங்கிலத்திலும் தொங்கவிடலாம். வீட்டில் மேலதிக அறை உள்ளவர்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்துகொள்ளலாம். அடுத்த யாத்திரைக் காலத்துக்கு முன் யார் முந்திக்கொள்கிறாரோ, வேன் அவர் கடை வாசலில் நிற்கும்.