பன்னியில் மீண்டும் புல்

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பூஜ் நகருக்கு வடக்கே, உப்புப் பாலையான பெரிய ரண்ணை ஒட்டிக் கிடக்கிறது பன்னி. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலம். மழை குறைவு, மண்ணில் உப்பு அதிகம். ஆனாலும் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் தாழ்வான இடங்களில் நீர் தேங்கி, புல் தழைத்துவிடும். அதை நம்பித்தான் மால்தாரிகள் எனும் மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாகக் கால்நடை வளர்த்து வருகிறார்கள்.

அவர்களின் பெருஞ்சொத்து பன்னி எருமை. கருத்த உடம்பு, இரட்டைச் சுருளாக வளைந்த கொம்பு. வெயில் தாழ்ந்ததும் மந்தை மேய்ச்சலுக்குக் கிளம்பும். இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, விடியற்காலையில் பால் கறக்கும் நேரத்துக்குத் தானாகவே வீடு வந்து சேரும்.

1961-ல் உப்புப் பாலை உள்ளே பரவாமல் தடுக்க வனத்துறை இங்கே சீமைக்கருவேலத்தை நட்டது. இராமநாதபுரத்தையும் விருதுநகரையும் அறிந்தவர்களுக்கு அதன் பிறகு நடந்ததை விளக்கத் தேவையில்லை. மாடு நெற்றைத் தின்னும்; விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து, அந்த எருவிலேயே முளைக்கும். வெட்டினாலும் தூரிலிருந்து துளிர்க்கும். புல்வெளியின் பெரும்பரப்பு முள்காடானது.

2008-ல் மால்தாரிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். சஹஜீவன் என்ற தொண்டு நிறுவனம் துணை நின்றது. 2010-ல் பன்னி எருமை தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. இந்தியாவில் அது 11-வது எருமை இனம்.

முள்காடான நிலத்தை மீட்கும் வேலை கடினமானது. மரத்தை வேரோடு பிடுங்க வேண்டும். பிறகு மழைக்காலம் முழுக்க அந்த இடத்தில் மந்தையை விடக்கூடாது. புல் வளர்ந்து விதை உதிர்த்த பிறகே அறுப்பும் மேய்ச்சலும். மரம் பிடுங்க ஆளும் இயந்திரமும் போதும். புல்லைக் காக்க ஊரே ஒத்துப்போக வேண்டும். ஒருவர் மந்தையை உள்ளே விட்டாலும் அந்தப் பருவத்தின் உழைப்பு வீண். சங்கம் இல்லாமல் இது நடக்காது.

பன்னியில் மேய்ச்சல் நிலம் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் கிராமங்கள் பொது உரிமை கோரின. சிலர் அந்த நிலத்தை வேலி போட்டு உழத் தொடங்கியபோது, சங்கம் 2018-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஆக்கிரமிப்புகளை ஆறு மாதத்துக்குள் அகற்றும்படி 2021 மே மாதம் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.