வசூலுக்குப் போக எந்த வண்டி?

கடைக்கு ஸ்கூட்டர் வாங்கப் போனால் நாம் முதலில் கேட்பது விலை, அடுத்தது மைலேஜ். என்ன ஏற்றப் போகிறோம், எவ்வளவு தூரம் போகப் போகிறோம் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே நாம் பட்டறிந்த பாடம்.

ஒரு காலத்தில் பஜாஜ் சேட்டக்கிற்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். 1980 இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. மளிகைக்காரர்களின் மூட்டையை அதுதான் சுமந்தது. 1984 இல் வந்த கைனடிக் ஹோண்டாவில் கியர் இல்லை, உதைக்கவும் வேண்டாம், பட்டனை அழுத்தினால் போதும். இன்று காத்திருக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுப்பதுதான் சிரமம்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபத் திருவிழாவுக்கு முந்தைய வாரம், வேங்கிக்காலிலிருந்து செங்கத்துக்கு வசூலுக்குப் புறப்பட்டோம். போகிற வண்டிதானே என்று காலடியில் எண்ணெய் டின், பின் சீட்டில் இரண்டு பருப்பு மூட்டை. காலை நேராக வைக்க இடமில்லை. முன்னே போன லாரி நின்றதும் முன் பிரேக்கை மட்டும் பிடித்தோம். சாலையோர மணலில் சின்னச் சக்கரம் வழுக்கியது. தோள்பட்டை எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் படுக்கை. திருவிழாவுக்கு முன் வர வேண்டிய பாக்கியில் பாதி அடுத்த தை வரை இழுத்தது. வண்டியில் குறையில்லை, ஏற்றியது நாம்.

ஆகவே வாங்குமுன் பார்க்க வேண்டியவை:

சக்கரம்: பல ஸ்கூட்டர்களில் 10 அல்லது 12 அங்குலம்தான். எக்ஸ்.எல். 100 மொபெட்டில் 16 அங்குலம். பள்ளம் மேடான கிராமச் சாலைக்குப் பெரிய சக்கரமே நல்லது.

இன்ஜின்: ஊருக்குள் சரக்குக் கொடுக்க 100, 110 சி.சி. போதும். இருவர் அமர்ந்து வேலூர் வரை, அதாவது சுமார் 80 கி.மீ. போகவோ, ஜவ்வாது மலை ஏறவோ 125 சி.சி. இருந்தால் இன்ஜின் திணறாது.

பிரேக்: 125 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் அல்லது ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்கு முந்தைய பழைய வண்டி வாங்குவோர் இதைக் கவனிக்கவும்.

டயர்: டியூப்லெஸ் என்றால் ஆணி குத்தினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். வழியில் சக்கரத்தைக் கழற்றாமலே அடைத்துக் கொள்ளலாம்.

மின்சார ஸ்கூட்டர்: இப்போது ஓசூரிலேயே தயாராகிறது. தினமும் ஊருக்குள் ஓட்டுவோருக்குச் செலவு மிச்சம். ஆனால் சுமை ஏறினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். போய்த் திரும்பும் தூரத்தைக் கணக்கிட்டு வாங்குங்கள்.

வருடம் ஒருமுறை போகும் நீண்ட பயணத்துக்காக வண்டி வாங்காதீர்கள். வாரம் நான்கு நாள் போகும் வழிக்கு வாங்குங்கள். எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பது வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கிறது. நம் எடையும் அதில் சேர்த்தி. அதற்கு மேலுள்ள சரக்கை லோடு ஆட்டோவில் அனுப்புங்கள். ஆட்டோ வாடகை ஒரு நாள் செலவு. எலும்பு முறிந்தால் ஒரு சீசன் வியாபாரமே போகும். ஹெல்மெட்டை மறவாதீர்கள்!