இறைக்க இறைக்க ஊறும் நினைவு

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதற்குள் கேள்வியைப் படித்து, விடையை நினைவிலிருந்து எடுத்து, ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தையும் நிரப்பியாக வேண்டும். தமிழுக்கு 100, திறனறிவுக்கு 25 போக மீதி 75 கேள்விகள் பொது அறிவு. அந்த 75க்காகத்தான் ஆறாம் வகுப்பிலிருந்து ஸ்கூல் புக் அத்தனையையும் அடுக்கிவைத்துக்கொண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம், அறிவியல், அதற்குமேல் கரண்ட் அஃபேர்ஸ். யாரைக் கேட்டாலும் ஒரே குறைதான்: "படிக்கும்போது தெரியுது, புக்கை மூடினா மறந்துபோகுது." சொல்லிவிட்டு, தனக்கு ஞாபகசக்தி கம்மி என்று பழியைத் தன் மூளைமேலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

அந்தப் பழி நியாயமில்லை. மறதி எப்படி நடக்கிறது, நினைவு எப்படி உறுதிப்படுகிறது என்று 140 ஆண்டுகளாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அளவுகள் தேர்வுக்குப் படிப்பவர்கள் கையில் வந்து சேராததுதான் எனக்கு வருத்தம்.

மறதியை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். பொருள் உள்ள சொற்களைப் படித்தால் பழைய நினைவுகள் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், இரண்டு மெய் ஒலிகளுக்கு நடுவே ஓர் உயிர் ஒலியை வைத்து, பொருளே இல்லாத அசைகளாக ஏறக்குறைய 2,300 தயாரித்தார். அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்வார். இடைவெளி விட்டு அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்வார். இரண்டாம் தடவை எவ்வளவு நேரம் மிச்சமாகிறதோ, அவ்வளவு நினைவு உள்ளே தங்கியிருக்கிறது என்று கணக்கு. 1885ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் அந்த எண்கள் இருக்கின்றன. 20 நிமிடம் கழித்துப் படித்தால் 58 சதவீதம் மிச்சம். ஒரு மணி நேரம் கழித்து 44. ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்குமேல் போய்விடுகிறது. ஆனால் ஒரு நாளுக்கும் ஒரு மாதத்துக்கும் இடையில் குறைவது வெறும் 13. மறதி எடுத்த எடுப்பில் வேகமாகவும், அதன்பிறகு மிக மெதுவாகவும் நடக்கிறது. காலையில் படித்தது மதியம் நினைவில் இல்லை என்றால் அது யாருடைய மூளையின் குறையும் கிடையாது. அத்தனை பேருக்கும் அப்படித்தான். ஒரு மாதம் கழித்தும் மிச்சம் சுழியத்துக்கு வரவில்லை என்பதையும் கவனியுங்கள். அறவே மறந்துபோனதாக நினைப்பதிலும் ஏதோ ஒரு பகுதி உள்ளே கிடக்கிறது.

மறந்துபோனால் என்ன செய்கிறோம்? மறுபடி படிக்கிறோம். நான்கு தடவை, ஐந்து தடவை, முக்கியமான வரிக்கு மஞ்சள் ஹைலைட்டர் போட்டு. தவறு இங்கேதான் நடக்கிறது.

2006ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களிடம் சிறிய அறிவியல் பத்திகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு வேளை படித்தது. இன்னொரு குழு ஒரே வேளை படித்துவிட்டு, மீதி மூன்று வேளையும் பத்தியைப் பார்க்காமல் நினைவுக்கு வந்ததை வெற்றுத்தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். படித்தே பழகியவர்கள் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். ஒரே வேளை படித்து மூன்று வேளை எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதத்தில் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் நான்கு வேளையும் படித்த குழுவினர்தான்.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். நினைவும் அப்படித்தான். ஒரு விவரத்தை உள்ளே போடுவதைவிட, உள்ளிருந்து ஒரு தடவை வெளியே எடுப்பதில்தான் அது உறுதிப்படுகிறது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கும்போது எடுக்கும் வேலையே நடப்பதில்லை. கண்ணுக்கு வரி பழகுகிறது. பழக்கத்தைத் தெரிந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுகிற தேர்வுதானே, கண்ணுக்குப் பழகியிருந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கேள்வி எடுப்பவர்கள் அந்த நான்கையும் பக்கத்துப் பக்கத்து விவரங்களாகத்தான் வைக்கிறார்கள். நிதி ஆணையம் எந்தப் பிரிவு என்று கேட்டு, 280, 315, 324 போன்ற எண்களைக் கொடுத்தால், எல்லாமே பழகியவை. பழக்கம் அங்கே உதவாது.

இதில் ஒரு வகைக் குழப்பத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஒன்றுபோல் இருக்கும் இரண்டு விவரங்கள் ஒன்றையொன்று அழுத்தும். பஞ்சாயத்து ராஜ் பாடத்தில் இரண்டு மேத்தாக்கள் வருவார்கள். 1957ல் பல்வந்த்ராய் மேத்தா குழு, 1977ல் அசோக் மேத்தா குழு. முன்னது மூன்றடுக்கு முறையைச் சொன்னது, பின்னது இரண்டடுக்கு. தனித்தனிப் பக்கத்தில் தனித்தனி நாளில் படித்தால் இரண்டும் கலந்துபோகும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் வேறுபடுகின்றன என்பதை மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தால் பிரிந்து நிற்கும்.

அடுத்தது இடைவெளி. ரிவிஷனை எப்போது செய்வது? 2008ல் செபீடா என்பவரும் சக ஆய்வாளர்களும் 1,350 பேருக்குமேல் வைத்து இதைச் சோதித்தார்கள். அவர்கள் கற்றுக்கொடுத்தது என்ன தெரியுமா? யாருக்கும் முன்பே தெரிந்திராத பொது அறிவுத் துணுக்குகள்! குரூப் 4 படிப்பவர்களுக்கென்றே செய்த ஆராய்ச்சிபோல இருக்கிறது. தேர்வு ஒரு வாரத்தில் என்றால், முதல் படிப்புக்கும் இரண்டாம் படிப்புக்கும் ஒரு நாள் இடைவெளி நல்ல பலன் கொடுத்தது. தேர்வு 35 நாளில் என்றால் ஏறக்குறைய 11 நாள். 70 நாளில் என்றால் ஏறக்குறைய மூன்று வாரம். தேர்வு தள்ளிப்போகப் போக, ரிவிஷனையும் தள்ளிவைக்கலாம். ஒரே நாளில் ஒரு பாடத்தை ஐந்து தடவை உருப்போடுவதைவிட, அந்த ஐந்து தடவையையும் மாதங்களில் பரப்பிப் போடுவது மேல். கொஞ்சம் மறந்த பிறகு தேடி எடுக்கும்போது சிரமமாக இருக்கும். அந்தச் சிரமத்தில்தான் வேலை நடக்கிறது. கஷ்டமாக இருக்கிறதே என்று உடனே விடையைப் பார்த்துவிடுகிற பிள்ளைகளைப் பார்த்தால், இன்னும் பத்து விநாடி பொறுத்திருக்கக் கூடாதா என்றிருக்கும்.

மூளையில் இதெல்லாம் எங்கே நடக்கிறது என்பது ஒரு துயரமான சிகிச்சையால் தெரியவந்தது. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்க இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953ல் அவருக்கு அறுவை சிகிச்சை செய்து, இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008ல் இறக்கும்வரை, அவரால் புதிய விவரம் எதையும் நினைவில் தங்கவைக்க முடியவில்லை. சிகிச்சைக்கு வெகுகாலம் முந்தைய நினைவுகள் பெரும்பாலும் இருந்தன. அவரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் மூலம் தெரிந்தது இதுதான்: புதிய விவரங்கள் நினைவாக மாற ஹிப்போகேம்பஸ் வேண்டும், நாள்பட நாள்பட அவை மூளையின் மேற்பரப்பில் பரவலாகப் பதிகின்றன. அந்தப் பதிவு வேலையில் நல்ல பங்கு தூக்கத்தில் நடக்கிறது. பகலில் எலி ஓடிய பாதையை, அது தூங்கும்போது ஹிப்போகேம்பஸ் செல்கள் திரும்ப ஓட்டிப் பார்ப்பதை 1994ல் வில்சன், மெக்நாட்டன் என்ற இருவர் பதிவுசெய்தார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் விடிய விடியக் கண்விழிப்பவர்கள், அன்று பகலில் படித்ததிலும் ஒரு பங்கை இழக்கக்கூடும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பொருளற்ற அசைகள்தான் அவ்வளவு வேகமாக மறந்தன. நம்முடைய ஒன் லைனர் குறிப்புகள் பலவும் அப்படிப்பட்ட அசைகளாகவே கிடக்கின்றன. "வைட்டமின் பி1 குறைபாடு – பெரிபெரி." இதை எத்தனை முறை எழுதினாலும் இரண்டு வெற்றுச் சொற்கள்தான். அதன் பின்னால் போய்ப் பாருங்கள்.

1880களின் பிற்பகுதி. ஜாவா தீவில் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், கால் வலுவிழந்து ஆட்களைச் சாய்க்கும் பெரிபெரிக்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் அதேபோல் கால் தள்ளாடியது. திடீரென்று ஒருநாள் கோழிகள் தாமாகவே தேறிவிட்டன. விசாரித்தால் காரணம் சமையல்கட்டில் இருந்தது. அதுவரை ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றை வெளிக் கோழிகளுக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசி தின்னத் தொடங்கியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டோடு போன ஏதோ ஒன்று உயிருக்குத் தேவைப்படுகிறது என்பதற்கு அதுதான் முதல் தடயம். ஐக்மனுக்கு 1929ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சத்துதான் பி1. நம் வீட்டுப் புழுங்கலரிசியில் ஏன் அது ஓரளவு மிஞ்சுகிறது? நெல்லை உமியோடு அவிக்கும்போது, மேல்தோலில் இருக்கும் பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. இந்த நோயை ஆராயத்தான் 1918ல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் ஒரு சிறிய பிரிவைத் தொடங்கினார். பெரிபெரி விசாரணைப் பிரிவு என்றே அதற்குப் பெயர். அதுதான் வளர்ந்து, 1958ல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. ஒரே வரியில் இருந்த இரண்டு சொற்களோடு இப்போது கோழி, தவிடு, புழுங்கலரிசி, நோபல், குன்னூர், ஐதராபாத் எல்லாம் கட்டிக்கொண்டுவிட்டன. தேர்வு அறையில் எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் மற்றது வரும். எல்லா வரிக்கும் இப்படிப் போக நேரம் இருக்காது. எது எவ்வளவு சொன்னாலும் நிற்க மாட்டேன் என்கிறதோ, அந்த வரிக்குப் போனால் போதும்.

மாதிரித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான்கு விடைக் கேள்விகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்படியே விட்டால், அந்தத் தவறு சரியான விடைபோல நினைவில் படிந்துவிடும் என்று ரோடிகர் குழுவினரே காட்டியிருக்கிறார்கள். சரியான விடையைப் பார்த்துத் திருத்திக்கொண்டால் அந்தத் தீங்கு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து கட் ஆஃப் கணக்குப் போடுவதற்குமுன், தவறிய கேள்விகளை ஆன்சர் கீயோடு அன்றைக்கே ஒத்துப்பார்த்துவிட வேண்டும். ஓ.எம்.ஆர். தாளில் விடை தெரியவில்லை என்பதற்கு ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறதே, மாதிரித் தேர்விலும் அதை நேர்மையாக நிரப்பிப் பழகுங்கள். எது தெரியவில்லை என்பது தெரிந்தால்தான் அடுத்த வாரம் எதைப் படிப்பது என்று தெரியும்.

முப்பதைத் தாண்டிவிட்டது, இனிமேல் மூளைக்கு ஏறுமா என்று கேட்பவர்களுக்கு லண்டன் டாக்சி ஓட்டுநர்களைச் சொல்வேன். அங்கே உரிமம் வாங்க ஏறக்குறைய 25,000 தெருக்களை மனத்தில் ஏற்ற வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். எலினார் மெக்வயர் என்ற நரம்பியலாளரும் வூலட்டும் பயிற்சிக்கு வந்த 79 பேரின் மூளையைத் தொடக்கத்திலேயே படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆண்டுகள் கழித்து அவர்களில் 39 பேர் தேர்ச்சிபெற்றார்கள். தேர்ச்சிபெற்றவர்களுக்கு மட்டும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெருத்திருந்தது. முதல் படத்தில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. எல்லோரும் வளர்ந்த மனிதர்கள். இந்த முடிவு 2011ல் வெளியானது.

அங்கே பயிற்சிக்கு வருபவர்கள் படிக்கும் முறையில் ஒன்றை நாமும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேராக உட்கார்வார்கள். ஒருவர் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் சொல்வார். மற்றவர் வரைபடத்தைப் பார்க்காமல் வழியில் வரும் தெருக்களை வரிசையாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குரூப் 4 படிக்கும் இரண்டு தோழிகளுக்கும் இது பொருந்தும். கேட்பவர் கேள்வியை மட்டும் கேட்க வேண்டும், நான்கு விடைகளையும் சொல்லக் கூடாது. பதில் வந்தபிறகு ஏன் என்று ஒரு கேள்வி. தவறியதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, மறுநாள் ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை திரும்பக் கேட்க வேண்டும். மூன்று தடவையும் புத்தகம் கேட்பவர் கையில்தான் இருக்க வேண்டும்.