ஆன்ட்டி, நான் தொடவே இல்லை

"ஃபென்சிங் கத்துக்கறேன் சித்தப்பா" என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மனை எங்கம்மா வாங்கியிருக்க?"

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் ஃபென்சிங் என்றால் கல்தூண் நட்டு முள்கம்பி இழுப்பதுதான். வாள்வீச்சு என்று விளக்கியதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "இந்த வயசுலயா?" என்றார். எனக்கு 41. பிறகு அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, சித்தப்பா பாதி சரி என்று. வேலிக்கும் வாள்வீச்சுக்கும் ஒரே மூலச்சொல். 'டிஃபென்ஸ்' என்பதன் முன்பகுதி தேய்ந்து 'ஃபென்ஸ்' ஆனது. இரண்டுமே காவல்தான்.

நான் சேர்ந்தது திட்டமிட்டல்ல. மகளைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் மாஸ்டர், "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க மேடம், வந்து நில்லுங்களேன்" என்றார். நின்றேன். நிற்பதுதான் இதில் கஷ்டம் என்று அப்போது தெரியாது.

வலது பாதம் எதிராளியை நேராகப் பார்க்க வேண்டும். இடது பாதம் அதற்குக் குறுக்காக. இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில். முட்டி மடிய வேண்டும், முதுகு மடியக் கூடாது. இந்தியன் டாய்லெட்டில் பாதி உட்காரும்போது யாரோ "அப்படியே நில்லு" என்று கத்தினால் எப்படியிருக்கும், அப்படி. அந்த நிலையிலேயே முன்னால் இரண்டடி, பின்னால் மூன்றடி. முதல் ஒரு மாதம் வாளையே தொடவிடவில்லை. வீட்டுக்கு வந்து மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டுபோல இறங்குவேன்.

என்னோடு சேர்ந்தவர்களெல்லாம் பத்து, பன்னிரண்டு வயதுக்காரர்கள். அதுவரை பரோட்டா கடையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், கோட்டுக்கு வந்ததும் "ஆன் கார்ட், ப்ரே, அலே" என்று பிரெஞ்சுக்குத் தாவிவிடுவார்கள். இந்த ஆட்டத்தின் பாஷை அது.

வாள் மூன்று வகை. ஃபாயிலில் மார்பும் வயிறும் முதுகும்தான் இலக்கு. சேபரில் இடுப்புக்கு மேலே ஏறக்குறைய எல்லாம், குத்தலாம், வெட்டலாம். எப்பேயில் உச்சந்தலை முதல் ஷூ நுனி வரை எங்கே குத்தினாலும் புள்ளி. முதல் இரண்டிலும் 'யார் முதலில் தாக்கத் தொடங்கியது' என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எப்பேயில் அந்த வழக்கே கிடையாது. விளக்கு யாருக்கு எரிகிறதோ அவருக்குப் புள்ளி, இருவரும் ஏறக்குறைய ஒரே நொடியில் குத்தினால் இருவருக்கும். "உங்களுக்கு எப்பேதான் மேடம், வாதம் பண்ண வேண்டியதில்லை" என்றார் மாஸ்டர். என்னைப் பற்றி என் மகள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பயம்: கண்ணில் குத்திவிட்டால்? நியாயமான பயம்தான். 1982-ல் ரோமில் நடந்த உலகப் போட்டியில், சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவின் முகமூடிக்குள் எதிராளியின் ஒடிந்த வாள் பாய்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் அவர். பிழைக்கவில்லை. அந்த மரணத்துக்குப் பிறகுதான் வாளின் உலோகம், உடையின் துணி, முகமூடியின் வலை எல்லாவற்றுக்கும் விதிகள் இறுகின. இன்று வலையை 12 கிலோ விசையில் குத்திச் சோதிக்கிறார்கள். சட்டைக்கு உள்ளே, வாள் பிடிக்கும் கைப்பக்கம், அக்குளில் தையலே இல்லாத இன்னொரு அரைச்சட்டை. எப்பேயின் நுனியில் உள்ள ஸ்பிரிங்கை 750 கிராமுக்கு மேல் அழுத்தினால்தான் விளக்கே எரியும். போட்டிக்கு முன் வாளை நிமிர்த்தி, நுனிமீது அந்த எடைக்கல்லை மாட்டிப் பார்ப்பார்கள். ஸ்பிரிங் கல்லைத் தூக்கி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வாள் தள்ளுபடி. வெள்ளை உடைக்குள் அவ்வளவு பாதுகாப்பாக இருந்தேன். ஷூவுக்குள் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

நாலாவது மாதம். எதிரே பதினோரு வயதுப் பெண். ஆடுகளம் 14 மீட்டர் நீளம், அதிகம் போனால் 2 மீட்டர் அகலம். எங்கள் கூடத்தில் அது ஒரு ரப்பர் பாய். அவள் விறுவிறுவென்று முன்னேறினாள். நான் பின்வாங்கினேன், ஆனால் நேராக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் சாய்ந்தபடி. பின்கால் பாய் விளிம்பில் பாதி, வெளியே தரையில் பாதியாக இறங்கியது. கணுக்கால் வெளிப்புறமாகப் பிசகியது. காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, அழாத குறையாக மாஸ்டரைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நான் தொடவே இல்லை!"

உண்மைதான். வாள்வீச்சில் காயம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான், வாளுக்குச் சம்பந்தமே இருக்காது. கணுக்கால், முட்டி, தொடைத் தசை. எதிராளி குத்துவதைவிட நம் கால் நம்மைக் கவிழ்ப்பதுதான் அதிகம்.

மாஸ்டர் என்னைத் தூக்கி நிறுத்தி, "நாலடி வைக்க முடியுதா பாருங்க" என்றார். நொண்டி நொண்டி வைத்தேன். டாக்டரும் அதையேதான் முதலில் கேட்டார். கணுக்காலின் இருபக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும் அழுத்திப் பார்த்தார். பிறகு பாதத்தின் நடுவில் இரண்டு இடம். எங்கும் எலும்பில் வலியில்லை. வலி முழுக்க வெளிப்பக்க எலும்புக்குச் சற்று முன்னால், சதையில். தசைநார் கிழிசல், எக்ஸ்ரே வேண்டாம் என்றுவிட்டார். 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் வகுத்த விதி இது. தேவையில்லாத எக்ஸ்ரேக்களைக் குறைப்பதற்கு. இதை என் மாமியாரிடம் விளக்கிப் பாருங்கள். "எக்ஸ்ரே எழுதிக் குடுக்காதவரெல்லாம் ஒரு டாக்டரா?"

அவர் அடுப்படிக்குப் போய்ப் புளியைக் கரைத்து, கல்லுப்பு போட்டு, கொதிக்கக் கொதிக்கப் பற்றுப் போடத் தயாராக வந்தார். நான் துணியில் ஐஸ் சுற்றிக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தேன். ஓய்வு, ஐஸ், கட்டு, உயரம் என்று உலகமே ஒப்பிக்கும் அந்த நாலு சொல் மருத்துவத்தை 1978-ல் எழுதியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். அவரே 2014-ல், ஐஸ் வலியைக் குறைத்தாலும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் பேச்சைத் திருத்திக்கொண்டார். இதை வாய்தவறி வீட்டில் சொல்லிவிட்டேன். "அதத்தான நான் அப்பவே சொன்னேன்!" மிர்கின் புளிக்குச் சான்றிதழ் எதுவும் தரவில்லை என்பதை நான் சொல்லவில்லை. பற்று பத்தாம் நாள் விழுந்தது, வீக்கம் வடிந்தபிறகு. இதமாகவே இருந்தது.

கால் வலியைவிடப் பொறாமைதான் தாங்கவில்லை. என்னோடு ஆரம்பித்த வாண்டுகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. என் மகள் ஜெயித்துவிட்டு வந்து மேடையில் பேசுவதுபோல எனக்கு அறிவுரை சொன்னாள். ஒரு வாரம் போகவில்லை. மாஸ்டர் போன் பண்ணினார்: "காலுக்குத்தானே லீவு? கை என்ன பண்ணுது?"

போனேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு எதிரே அவர் நின்றுகொண்டார். உட்கார்ந்தபடியே மணிக்கட்டையும் விரலையும் மட்டும் வைத்து அவர் வாளைத் தடுக்க வேண்டும். இதுவரை தோளிலிருந்து வாளை வீசிக்கொண்டிருந்திருக்கிறேன், ஒட்டடை அடிப்பதுபோல. நாற்காலியில் அந்த வித்தை பலிக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு நூல் அளவு அசைத்தால் போதும், 90 சென்டிமீட்டர் தள்ளி நுனி ஒரு சாண் நகர்கிறது.

வீட்டில் தூளி கட்டிய கொக்கியில் நூல் கட்டி டென்னிஸ் பந்தைத் தொங்கவிட்டேன். கையில் வாள் இல்லை, மூங்கில் குச்சி. வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த பவானி தேவி, மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிப்போனதால் 2004-ல் பள்ளியில் வாள்வீச்சில் சேர்ந்தபோது பழகியதும் மூங்கில் குச்சியில்தான். முதல் வெளிநாட்டுப் போட்டியில் மூன்று நிமிடம் தாமதமாகப் போனதற்காக அவருக்குக் கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றினார்கள். அப்போது 14 வயது. ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய வாள்வீச்சாளராக 2021-ல் டோக்கியோவில் நின்று, முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்தவர் அவர். என் குச்சிக்கு அந்த வம்சம் உண்டு என்று நினைத்துக்கொண்டு பந்தைக் குத்துவேன். பத்தில் மூன்று படும்.

மீதி நேரம் வேடிக்கை. இரண்டு வாரம் பிள்ளைகளின் கால்களை மட்டும் பார்த்தேன். வாளும் வாளும் மோதுவது நான் நினைத்ததைவிட எவ்வளவோ குறைவு. நல்ல பிள்ளை எதிராளியின் கைக்கு எட்டாத தூரத்தில் மிதந்துகொண்டே இருக்கும். எட்டும் தூரத்துக்கு வந்தால் அது அதன் இஷ்டத்தில் வந்தது. என்னை வீழ்த்திய அந்தப் பெண்ணின் பின்கால் நூல் பிடித்ததுபோல ஒரே கோட்டில் போய்வந்தது. நம் சிலம்ப ஆசான்களும் கம்பைக் கொடுப்பதற்கு முன்னால் காலடியைத்தான் சொல்லித் தருகிறார்கள். அதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கால் வீங்கியபிறகுதான் காதில் விழுந்தது.

பிசியோவில் கால் கட்டைவிரலால் காற்றில் ஏ, பி, சி, டி எழுதச் சொன்னார்கள். கணுக்கால் எல்லாத் திசையிலும் சுழல வேண்டுமாம். நான் அ, ஆ எழுதினேன். சுழிக்கு நம் எழுத்தை மிஞ்ச முடியுமா? 'ண' எழுதும்போது உயிர் போனது. 'ண' வலிக்காமல் வந்த நாளில் ஒற்றைக்காலில் நின்று பல் தேய்க்கச் சொன்னார்கள், அடுத்து கண்ணை மூடிக்கொண்டு. கிழிந்த தசைநார் ஒட்டிக்கொண்டாலும், 'பாதம் இப்போது இந்தக் கோணத்தில் இருக்கிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புகள் மந்தமாகவே இருக்குமாம். ஒருதரம் பிசகிய கணுக்கால் மறுபடி மறுபடி பிசகுவது அதனால்தான். வலி போனதும் ஓடிவந்துவிடும் அவசரக்காரர்களுக்கென்றே அந்த இரண்டாவது சுளுக்கு காத்திருக்கிறது. நானும் அவசரக்காரிதான். பல் தேய்க்கும் பயிற்சியில் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டது பிசியோவுக்குத் தெரியாது.

எட்டாவது வாரம், கணுக்காலில் இறுக்கமான பட்டையோடு பாய்க்குத் திரும்பினேன். எதிரே அதே பெண். அவள் முன்னேற, நான் பின்வாங்கினேன். பின்கால் கோட்டில் இருந்தது. பாய் விளிம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது. அந்தப் பூரிப்பில் ஒரு கணம் நின்றேன். அவள் குனிந்தாள்.

டப். பச்சை விளக்கு எரிந்தது.

உலோகக் களமாக இருந்தால் தரையில் குத்தினால் விளக்கு எரியாது. எங்கள் ரப்பர் பாயில் தரைக்கும் எரியும், ஷூவுக்கும் எரியும். எனவே இங்கே வழக்கு வந்துவிட்டது.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "தரையா, ஷூவா?"

மாஸ்க்குக்குள்ளிருந்து அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷூதான் மாஸ்டர்" என்றேன்.