பாலமும் பாதமும்

இயற்பியல் ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டிச் சுரமானிப் பெட்டியின்மீது ஊன்றியவுடன், கம்பியின்மேல் வைத்த சிறு காகிதத் துண்டு துள்ளி விழுவதைக் கண்டு வியந்தவர்களுள் நானும் ஒருவன். கம்பியை யாரும் மீட்டவில்லை. ஆயினும் அது துடிக்கிறது. கம்பியின் இயல்பான அதிர்வெண்ணும் இசைக்கவையின் அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டதே காரணம். இதனையே ஒத்ததிர்வு என்கிறோம். காகிதத் துண்டோடு நிற்கும்வரை இது வேடிக்கைதான். கம்பி ஒரு பாலமாகவும், காகிதத் துண்டு அதன்மேல் நடக்கும் மனிதனாகவும் இருந்தால் என்னாகும்? இக்கேள்விதான் உலகின் சில பாலங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

வீரர் நடையும் வீழ்ந்த பாலமும்

1831ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகே பிராட்டன் என்னுமிடத்தில், இர்வெல் ஆற்றின் மீதிருந்த தொங்குபாலத்தின் வழியாக 74 படைவீரர்கள் பாசறைக்குத் திரும்பினர். நால்வர் நால்வராக அணிவகுத்துக் காலடி ஒன்றுபட நடந்தனர். நடைக்கேற்பப் பாலமும் ஏறி இறங்கத் தொடங்கியது. வீரர்களுக்கு அது விளையாட்டாகப் பட்டது. அந்த ஆட்டத்திற்கு இசைய மேலும் அழுத்தி நடந்தனர். திடீரெனச் சங்கிலியைப் பிடித்திருந்த ஆணி முறிந்தது. பாலத்தின் ஒரு முனை சரிந்தது. பலர் ஆற்றில் விழுந்தனர். நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பாலத்தின்மேல் காலடியைக் கலைத்து நடக்க வேண்டும் என்ற கட்டளை இதன் பின்னரே ஆங்கிலப் படையில் பிறந்தது.

கட்டளை மட்டும் போதுமா? போதாது என்பதைப் பிரான்சு நாட்டின் ஆஞ்சே நகரம் காட்டிற்று. 1850ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், புயற்காற்றில் ஆடிக்கொண்டிருந்த தொங்குபாலத்தைப் படைவீரர்கள் கடந்தனர். காலடியைக் கலைத்துத்தான் நடந்தனர். ஆனால் பாலம் சாயுந்தோறும் விழாமலிருக்க எல்லோரும் ஒருசேரக் காலூன்ற வேண்டியதாயிற்று. பாலத்தைத் தாங்கிய கம்பிவடங்களோ நிலத்தில் பிணைக்கப்பட்ட இடத்தில் துருவேறிக் கிடந்தன. பாலம் அறுந்தது, 226 உயிர்கள் மடிந்தன.

இலண்டனில் ஆடிய பாலம்

இவை பழங்கதைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. இலண்டனில் தேம்ஸ் ஆற்றின்மீது, நடப்பவர்களுக்கென்றே கட்டப்பட்ட, ஏறத்தாழ 325 மீட்டர் நீளமுள்ள மில்லேனியம் பாலம் 2000ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் திறக்கப்பட்டது. மக்கள் வெள்ளமாய்த் திரண்டனர். பாலம் இடமும் வலமுமாக ஆடியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடந்தவர் பலர். இரண்டே நாளில் பாலம் மூடப்பட்டது.

அங்கே அணிவகுப்பு ஏதுமில்லை. அவரவர் தம் விருப்பப்படியே நடந்தனர். பின் ஏன் ஆடியது? நாம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி எடுத்து வைக்கிறோம். ஒவ்வோர் அடியும் பாலத்தைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு, பக்கவாட்டிலும் சிறிது தள்ளுகிறது. இடக்கால் ஒருபுறம், வலக்கால் மறுபுறம். ஆகவே ஒரே திசையிலான தள்ளல் நொடிக்கு ஒருமுறை வருகிறது. பாலத்தின் பக்கவாட்டு அதிர்வெண்ணும் ஏறத்தாழ அதுவே. பாலம் சற்றே அசைந்ததும் நடப்பவர் தம்மை அறியாமல் காலை அகற்றி வைத்து உடலைச் சரிசெய்கிறார். அச்செயலே அசைவை வளர்க்கிறது. சோதனையில் பாலத்தின் ஒரு பகுதியில் ஏறத்தாழ 160 பேர் நடக்கும்வரை ஆட்டம் அடங்கியிருந்தது. அதற்குமேல் சிலர் சேர்ந்தவுடன் சட்டெனப் பெருகியது. பின்னர், வண்டிகளில் உள்ள ஷாக் அப்சார்பர் போன்றவையும் எடைக் கட்டிகளுமாக ஏறத்தாழ 90 அதிர்வடக்கிகளைப் பொருத்தி, 2002 பிப்ரவரியில் பாலத்தை மீண்டும் திறந்தனர்.

துருவும் மறதியும்

நம் நாட்டிலும் ஒரு துயரம் நிகழ்ந்தது. குஜராத்தின் மோர்பி நகரில் மச்சு ஆற்றின் மீதிருந்த பழைய தொங்குபாலம், பழுதுபார்ப்புக்குப் பின் 2022ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கே நாளில், விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்த மாலை வேளையில், அறுந்து வீழ்ந்தது. குழந்தைகள் உட்பட 135 பேர் மாண்டனர். ஒரு வடத்தின் 49 கம்பிகளில் 22 கம்பிகள் முன்னரே துருவால் கெட்டிருந்தன என்று விசாரணைக் குழு கண்டது. ஆஞ்சே நகரத்துத் துரு 172 ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மை விடவில்லை!

புல்லால் ஒரு பாலம்

இரும்பே இப்படியென்றால் புல் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், அப்பூரிமாக் ஆற்றின்மீது கெஸ்வாசாக்கா என்னும் பாலம் புற்கயிற்றால் ஆனது. நீளம் ஏறத்தாழ 28 மீட்டர். இன்கா மக்கள் காலத்துக் கலை அது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அக்கம்பக்கத்து நான்கு ஊர் மக்கள் கூடுகின்றனர். வீட்டுக்கு வீடு திரித்த மெல்லிய கயிறுகளை முறுக்கிப் பெருவடமாக்குகின்றனர். பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு, மூன்றே நாளில் புதுப்பாலம் கட்டி, நான்காம் நாள் விழாக் கொண்டாடுகின்றனர். இம்மரபைப் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக 2013இல் யுனெஸ்கோ ஏற்றது. தொற்றுநோயால் 2020இல் இப்பணி நின்றது. மறு ஆண்டு மார்ச்சில் பாலம் அறுந்து வீழ்ந்தது. ஜூன் மாதத்தில் ஊரார் கூடி மீண்டும் கட்டிவிட்டனர்.

இரும்பு உறுதியானது என்று நம்பி நாம் அதனை மறந்துவிடுகிறோம். புல் நலிந்தது என்று அறிந்ததால் அம்மக்கள் ஓர் ஆண்டும் மறப்பதில்லை. ஓர் ஆண்டு தவறியதற்கே பாலம் விடைகொடுத்துவிட்டது. பாலத்தின் வலிமை பொருளில் பாதி. பேணுவோர் கையில் பாதி. நாளை நம்முள் சிலர் பொறியாளராகலாம். சிலர் கோப்பில் கையெழுத்திடும் அலுவலராகலாம். அக்கையெழுத்தை இடுமுன், அதனை நம்பிப் பாலத்தில் வைக்கப்படும் பாதங்களை ஒரு நொடி எண்ணிப் பார்ப்போம்.