குறி தப்புதா? கட்டையைப் பாருங்க!
'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கிக்கு மரக்கட்டை மாற்றுவதில் இத்தனை சூட்சுமமா?

பேங்க் வாசல், கருவூல வாசல், கோர்ட்டு வளாகம்... பல வருஷம் எங்கே பார்த்தாலும் போலீஸ்காரர் தோளில் தொங்கியது அந்த நீளத் துப்பாக்கிதான். 'த்ரீ நாட் த்ரீ'! முழுப் பெயர் லீ-என்பீல்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது இந்தக் குட்டை ரகம். 1907-ல் 'மார்க் 3' வந்தது. இரண்டு உலகப் போர்களையும் பார்த்தது. மேற்கு வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் தயாரானது. 2008-ல் மும்பை ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் சுட்டபோது, அங்கே இருந்த போலீஸ்காரர்கள் சிலர் கையில் இருந்ததும் இதுதான். உத்தரபிரதேச போலீசார் 2020 குடியரசு தின அணிவகுப்போடு இதற்கு விடை கொடுத்தார்கள்.

இரும்பு நூறு வருஷம் தாங்கும். மரம் தாங்குமா? அங்கேதான் கதை தொடங்குகிறது!

அறுத்தார்கள்... அலைகிறார்கள்!

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்தத் துப்பாக்கிகள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் சல்லிசு விலைக்கு விற்கப்பட்டன. வாங்கிய வேட்டைக்காரர்கள் என்ன செய்தார்கள்? "கனமா இருக்கு" என்று முன்கட்டையைப் பாதியில் அறுத்து வீசினார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்குத்தான் மவுசு. அறுத்ததை முழுசாக்க வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் மாற்றுக் கட்டை தேடி அலைகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கட்டை, பத்து தோட்டா சுடுவதற்குள் பிளந்துபோனால்? போட்டதெல்லாம் போச்சு!

மரம் பார்ப்பது எப்படி?

ஆரம்பத்தில் அக்ரூட் மரம்தான் ராஜா. கனம் அளவாக இருக்கும், உளிக்கு வளைந்து கொடுக்கும், அதிர்ச்சியையும் தாங்கும். போர்க்காலத்தில் அக்ரூட் போதவில்லை. பீச், பர்ச் மரங்களில் கட்டை செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலை, அந்த நாட்டு 'கோச்வுட்' மரத்தைப் பயன்படுத்தியது. அது கொஞ்சம் மெத்து. அடி விழும் இடத்தில் மரம் நசுங்காமல் இருக்கச் செப்புத் தகடு பதித்தார்கள்.

கட்டை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ரேகை. முன்கட்டையில் மரத்தின் ரேகை நூல் பிடித்ததுபோல நீளவாக்கில் ஓட வேண்டும். கை பிடிக்கும் ஒடுங்கிய கழுத்தில் ரேகை குறுக்கே ஓடினால், முறிவது அங்கேதான். அலை அலையாக அழகு காட்டும் மரம் எல்லாம் தோளில் வைக்கும் அடிக்கட்டைக்கு ஓ.கே. முன்கட்டைக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ஈரம். நன்றாகக் காயாத மரம் பின்னால் சுருங்கும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. குறுக்குவாட்டில்தான் ஊதும், சுருங்கும். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதில்லையா? அதே கதைதான்.

பழைய கட்டையாக இருந்தால் பின்முனையை உற்றுப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊறிக் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் அது செத்த மரம்!

சட்டைக்கு இருப்பதுபோல் அடிக்கட்டைக்கும் சைஸ் உண்டு. 'எஸ்' என்று முத்திரை இருந்தால் சாதாரண அளவைவிட அரை அங்குலம் குட்டை. 'எல்' என்றால் அரை அங்குலம் நீளம். 'பி' என்றால் இன்னும் குட்டை. முத்திரை இல்லாதது சாதாரண அளவு. கை நீளம் பார்த்து எடுக்க வேண்டும்.

பிளக்கும் திருகாணி!

இந்தத் துப்பாக்கிக்குக் கட்டை ஒன்று அல்ல, முன்கட்டை வேறு, அடிக்கட்டை வேறு. அடிக்கட்டையின் உள்ளே நீளமான திருகாணி ஓடுகிறது. 'நம்பர் 1' ரகத்தில் அந்தத் திருகாணியின் முனை சதுரமாக இருக்கும். முன்கட்டையின் பின்பக்கம் உள்ள இரும்புத் தகட்டில் அது மாட்டிக்கொண்டு நிற்கும்.

விஷயம் தெரியாதவர்கள் அவசரப்பட்டு அடிக்கட்டைத் திருகாணியை முதலில் திருகுகிறார்கள். சதுர முனை தகட்டை முறுக்குகிறது. "சடக்!" முன்கட்டை பிளந்தது! எனவே எப்போதும் முன்கட்டையை முதலில் கழற்ற வேண்டும். அப்புறம்தான் அடிக்கட்டை. மாட்டும்போது இதற்கு நேர் எதிர்.

இருத்துவதில்தான் வித்தை

கட்டை வாங்கினால் மட்டும் போதாது. இரும்பை மரத்துக்குள் ஆடாமல் அசையாமல் இருத்த வேண்டும். இதைத்தான் 'பெட்டிங்' என்கிறார்கள். எதற்கு இவ்வளவு பாடு?

சுட்டதும் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். அந்த உதையை முன்கட்டையின் பின்பக்கம் உள்ள இரண்டு சிறு மரத் தோள்கள் வாங்கிக்கொள்கின்றன. இரண்டும் சமமாக இரும்பைத் தொட்டால் வம்பு இல்லை. ஒன்று தொட்டு மற்றொன்று தொடாமல் நின்றால், முழு அடியும் ஒரே பக்கம் விழும். கட்டை விரியும். ஒரே இடத்துக்குக் குறி வைத்தாலும் தோட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போகும். சுட்டவர் தன் கண்ணைச் சந்தேகப்படுவார். பாவம், கண் மேல் குற்றம் இல்லை!

சரி பார்க்கச் சுலபமான வழி உண்டு. எண்ணெயில் விளக்குக்கரி குழைத்து இரும்பின் மேல் மெல்லிசாகப் பூசுவார்கள். கட்டையில் வைத்து இறுக்கி எடுத்தால், தொட்ட இடத்தில் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் உளியால் இம்மி இம்மியாகச் சீவ வேண்டும். மறுபடி பூசி, மறுபடி பார்க்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. சீவியதைத் திரும்ப ஒட்டவா முடியும்?

தோள் நசுங்கிப்போன கட்டையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, கெட்டியான மரத்துண்டை வைத்து ஒட்டுப்போடலாம். இந்தியாவில் இன்னொரு யுக்தி செய்தார்கள். முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணியை ஊடுருவச் செலுத்தி, விரியாமல் பூட்டுப் போட்டார்கள். 'இஷாப்பூர் ஸ்குரு' என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர்!

இப்போது 'எபாக்சி' பசையை ஊற்றி, இரும்பின் அச்சிலேயே இடைவெளியை நிரப்புகிறார்கள். ஆனால் இரும்பின் மேல் மெழுகு தடவ மறந்தால் தொலைந்தது. பசை காய்ந்ததும் இரும்பும் மரமும் ஒன்றாகிவிடும். பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது!

வியட்நாமில் பட்ட பாடு

கட்டை காலை வாரிய கதைக்கு வியட்நாம் சாட்சி. 1966-ல் அமெரிக்க மரீன் படையினர் 'எம் 40' என்ற குறிபார்த்துச் சுடும் துப்பாக்கியை எடுத்தார்கள். மரக்கட்டை போட்டது. வியட்நாமின் வெக்கையிலும் மழையிலும் கட்டை ஊதி வளைந்தது. வளைந்த மரம் குழலைத் தள்ளினால் குறி எப்படி நிற்கும்? 1970-களில் வந்த 'எம் 40 ஏ 1' துப்பாக்கிக்குக் கண்ணாடி இழைக் கட்டை போட்டார்கள். மரத்துக்கு அங்கே கல்தா!

தச்சரிடம் தராதீர்கள்!

நம் நாட்டில் 'த்ரீ நாட் த்ரீ' தடை செய்யப்பட்ட ரகம். பொதுமக்கள் சாதாரணமாக வாங்க முடியாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த .315 துப்பாக்கிதான் லைசென்சுதாரர்களுக்காக இஷாப்பூரில் தயாரானது.

அப்படித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்சு இல்லாதவர் துப்பாக்கி தயாரிப்பது மட்டும் அல்ல, ரிப்பேர் பார்ப்பதும் குற்றம். "நம்ம தெரு ஆசாரி கட்டில், பீரோ எல்லாம் பிரமாதமா செய்வாரே" என்று அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் இருவரும் கம்பி எண்ண வேண்டி வரும். லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும்.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கிறார்கள். திரும்பி வாங்கியதும் கட்டையில் கீறல் இருக்கிறதா, திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று கடையில் காட்டிவிடுவது நல்லது. கீறல் தலைமுடி அளவு இருந்தாலும் சுடக்கூடாது!