ஸ்கொட்லாந்து வாக்காளர்கள் உணர்த்திய உண்மை

தேர்தல்களுக்கு முன்னர் வெளியாகும் கருத்துக் கணிப்புகளை அரசியல் கட்சிகள் இரண்டு விதமாக நோக்குவது வழமை. சாதகமான கணிப்பு என்றால் மக்கள் தீர்ப்பே கிடைத்துவிட்டதாகப் பூரிப்படைவார்கள். பாதகமானது என்றால் அதனை நம்பமுடியாது என்று ஒதுக்கிவிடுவார்கள். இவ்விரண்டு மனப்பாங்குகளுமே ஆபத்தானவை என்பதை 2011 மே 5 ஆம் திகதி நடைபெற்ற ஸ்கொட்லாந்து பாராளுமன்றத் தேர்தல் தெளிவாக எடுத்துக்காட்டியது.

அந்த ஆண்டின் ஆரம்பத்தில் வெளியான கணிப்புகள் தொழிற்கட்சி பத்துப் புள்ளிகளுக்கும் மேலாக முன்னணியில் இருப்பதாகக் கூறின. எட்டு ஆண்டுகள் லிபரல் ஜனநாயகக் கட்சியுடன் கூட்டுச் சேர்ந்து ஆட்சி நடத்தி, 2007 இல் ஒரேயொரு ஆசன வித்தியாசத்தில் முதலிடத்தைப் பறிகொடுத்த தொழிற்கட்சி, மீண்டும் ஆட்சிபீடம் ஏறுவது உறுதி என்றே பலரும் கருதினர். ஆனால் மூன்று மாதங்களில் நிலைமை தலைகீழானது. 129 ஆசனங்களில் ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி 69 ஐக் கைப்பற்ற, தொழிற்கட்சி 37 உடன் திருப்தியடைய நேர்ந்தது. கணிப்புகள் பொய்த்துவிட்டதாக இதனை விளக்குவது பொருந்தாது. ஏப்ரல் மாதக் கணிப்புகள் மாற்றத்தைப் பதிவுசெய்யத் தவறவில்லை. மாறியது மக்களின் மனமே.

இந்தப் பெறுபேற்றின் முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்வதற்கு அங்குள்ள தேர்தல் முறையை அறிந்திருப்பது அவசியம். ஸ்கொட்லாந்து வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. முதலாவது வாக்கின் மூலம் 73 தொகுதிகளுக்கான உறுப்பினர்கள் தெரிவாகின்றனர். இரண்டாவது வாக்கு கட்சிக்கு உரியது. எட்டுப் பிராந்தியங்களில் தலா ஏழு பேராக 56 உறுப்பினர்கள் விகிதாசார அடிப்படையில் பட்டியலிலிருந்து தெரிவாகின்றனர். தொகுதிகளில் அளவுக்கதிகமாக வெற்றிபெறும் கட்சிக்குப் பட்டியல் ஆசனங்கள் குறைவாகவே கிடைக்கும். எந்தவொரு கட்சியும் தனித்துப் பெரும்பான்மை பெறுவதைக் கடினமாக்குகின்ற முறை இது. அத்தகைய முறையின் கீழ் தனிப் பெரும்பான்மை பெற்றதே 2011 இன் அதிசயம்.

தொழிற்கட்சியின் வீழ்ச்சி ஓரிரவில் நிகழ்ந்ததல்ல. 1997 சர்வஜன வாக்கெடுப்பில் 74 வீதமானோர் ஆதரவளித்ததன் பயனாக உருவான பாராளுமன்றத்தின் முதலாவது தேர்தலில், 1999 இல், அக்கட்சி 56 ஆசனங்களைப் பெற்றது. 2003 இல் அது 50 ஆகவும் 2007 இல் 46 ஆகவும் குறைந்தது. இருந்தும், 1964 முதல் பிரித்தானியப் பொதுத் தேர்தல்கள் ஒவ்வொன்றிலும் ஸ்கொட்லாந்தில் அதிக ஆசனங்களை வென்று வந்த தொழிற்கட்சி, அந்த வாக்குகளைத் தனது பரம்பரைச் சொத்தாகவே கருதியது. 2010 மே மாதப் பொதுத் தேர்தலில் அங்குள்ள 59 ஆசனங்களில் 41 ஐ வென்றமை அந்த நம்பிக்கையை மேலும் வலுப்படுத்தியது. அதே வாக்காளர்கள் ஓராண்டுக்குள் வேறொரு தீர்ப்பை வழங்குவார்கள் என்று அக்கட்சி எதிர்பார்க்கவில்லை.

அவர்கள் ஏன் மாறினார்கள்? இதற்கு மூன்று காரணங்களை நாம் குறிப்பிடலாம்.

முதலாவது, லிபரல் ஜனநாயகக் கட்சியின் சரிவு. 2010 இல் லண்டனில் கன்சர்வேட்டிவ் கட்சியுடன் அது கூட்டரசாங்கம் அமைத்ததை ஸ்கொட்லாந்து ஆதரவாளர்கள் மன்னிக்கவில்லை. 2007 இல் 16 ஆக இருந்த அதன் ஆசனங்கள் 5 ஆகின. அக்கட்சியைக் கைவிட்டவர்கள் தம்மிடமே வருவார்கள் எனத் தொழிற்கட்சி கணக்குப் போட்டது. ஆனால் அவர்களில் பெரும் பகுதியினர் தேசியக் கட்சியின் பக்கம் சென்றனர்.

இரண்டாவது, தொழிற்கட்சி தான் எந்தத் தேர்தலில் போட்டியிடுகின்றது என்பதையே மறந்துவிட்டது. கன்சர்வேட்டிவ் ஆட்சியிலிருந்து ஸ்கொட்லாந்தைப் பாதுகாப்போம் என்பதே அதன் ஆரம்பகாலப் பிரசாரத்தின் தொனிப்பொருள். மக்களோ எடின்பரோவில் யார் திறம்பட நிர்வாகம் நடத்துவார்கள் என்று கேட்டனர். அலெக்ஸ் சல்மண்ட் தலைமையில் நான்கு ஆண்டுகள் சிறுபான்மை அரசாங்கம் நடத்திய தேசியக் கட்சியிடம் அக்கேள்விக்கு விடை இருந்தது. வீட்டு வரி உயர்வு நிறுத்தப்பட்டிருந்தது. பாலங்களுக்கான கட்டணங்கள் நீக்கப்பட்டிருந்தன. மருத்துவச் சீட்டுக்கான கட்டணம் முற்றாக ஒழிக்கப்பட்டிருந்தது. தொழிற்கட்சித் தலைவர் ஐயன் கிறே தனது சொந்தத் தொகுதியையே 151 வாக்குகளால்தான் தக்கவைத்துக்கொண்டார்.

மூன்றாவது காரணமே எமது பார்வையில் மிக முக்கியமானது. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிடாத தேசியக் கட்சி, அதனைத் தேர்தல் வெற்றியுடன் முடிச்சுப் போடவில்லை. அது தனியானதொரு சர்வஜன வாக்கெடுப்பின் மூலமே தீர்மானிக்கப்படும் என்று உறுதியளித்தது. இதனால், சுதந்திரத்தை விரும்பாத ஒருவரும் நல்ல நிர்வாகத்துக்காக அக்கட்சிக்கு அச்சமின்றி வாக்களிக்க முடிந்தது. முதலாவது முதலமைச்சரான டொனால்ட் டுவர் பிரதிநிதித்துவப்படுத்திய கிளாஸ்கோ அனிஸ்லண்ட் தொகுதி வெறும் ஏழு வாக்கு வித்தியாசத்தில் தேசியக் கட்சியின் வசமானதை இந்தப் பின்னணியிலேயே நோக்க வேண்டும்.

வெற்றியை விளங்கிக்கொள்வதிலும் பாடம் இருக்கின்றது. 2012 ஒக்டோபரில் லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையில் ஏற்பட்ட உடன்படிக்கையைத் தொடர்ந்து, 2014 செப்டெம்பர் 18 ஆம் திகதி சர்வஜன வாக்கெடுப்பு நடைபெற்றது. சுமார் 85 வீதமானோர் வாக்களித்த அதில் 55 வீதமானோர் சுதந்திரத்தை நிராகரித்தனர். கட்சிக்கு ஆணை வழங்கியவர்கள் அதன் இலட்சியத்துக்கும் ஆணை வழங்கிவிட்டார்கள் என்று கொள்ளலாகாது என்பது அன்று நிரூபணமாயிற்று. ஆயினும், தோற்ற தரப்பின் கட்சி அடுத்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் 59 இல் 56 ஆசனங்களை வென்றது. வாக்கெடுப்பில் கன்சர்வேட்டிவ் கட்சியுடன் ஒரே மேடையில் நின்ற தொழிற்கட்சிக்கு மிஞ்சியது ஒரேயொரு ஆசனம்.

இந்த ஆதரவும் நிலையானதாக இருக்கவில்லை. ஆட்சியில் நீண்ட காலம் இருந்ததன் களைப்பு, தலைமை மாற்றங்கள், கட்சி நிதி குறித்த பொலிஸ் விசாரணை ஆகியவற்றின் பின்னர் நடைபெற்ற 2024 ஜூலை பொதுத் தேர்தலில் தேசியக் கட்சி ஒன்பது ஆசனங்களாகச் சுருங்கியது. தொழிற்கட்சி 57 இல் 37 ஐ வென்று மீண்டெழுந்தது. ஒரு காலத்தில் ஒரு தரப்பைத் தண்டித்த அதே மக்கள், மற்றத் தரப்பையும் தண்டிக்கத் தயங்கவில்லை.

சிறுபான்மையினரின் வாக்குகள் பற்றியும் இங்கு குறிப்பிட்டேயாக வேண்டும். பாகிஸ்தானிய வம்சாவளியினர் செறிந்து வாழும் கிளாஸ்கோ நகரின் முஸ்லிம்களிடையே தொழிற்கட்சிக்கு நீண்டகாலமாக வலுவான ஆதரவு இருந்தது. பிரித்தானியாவின் முதலாவது முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினரான முஹம்மட் சர்வார் 1997 இல் அந்நகரிலிருந்தே அக்கட்சியின் சார்பில் தெரிவானார். 2003 இல் ஈராக் மீது தொடுக்கப்பட்ட போர் அந்தப் பிணைப்பைத் தளரச் செய்தது. 2007 இல் ஸ்கொட்லாந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதலாவது முஸ்லிம், தேசியக் கட்சியின் பஷீர் அஹமட் ஆவார். கிளாஸ்கோ பிராந்தியப் பட்டியல் அவருக்கு வாயிலைத் திறந்துவிட்டது. அவரது உதவியாளராகப் பணியாற்றிய ஹம்ஸா யூசுப் 2023 மார்ச்சில் முதலமைச்சரானார். அப்போது தொழிற்கட்சியின் ஸ்கொட்லாந்துத் தலைவராக இருந்தவர், முஹம்மட் சர்வாரின் புதல்வர் அனாஸ் சர்வார். வாக்குகள் ஒரே கூடைக்குள் முடங்கிக் கிடக்காதபோது, இரு பெரும் கட்சிகளும் ஒரு சிறிய சமூகத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

எமது நாட்டிலும் 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் கலப்பு முறை நடைமுறைக்கு வந்தது. ஆனால் இங்கு வாக்காளருக்கு வழங்கப்பட்டது ஒரு வாக்கு மாத்திரமே. வட்டாரத்தில் ஒருவரையும் கட்சிப் பட்டியலில் வேறொரு அணியையும் ஆதரிக்கும் சுதந்திரம் அதில் இல்லை. சிதறி வாழும் சமூகங்களுக்கு அந்த இரண்டாவது வாக்கின் பெறுமதி என்னவென்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாகாண சபைகளோ 2017 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர் ஒவ்வொன்றாகப் பதவிக்காலம் முடிந்து, ஆண்டுக்கணக்கில் மக்கள் பிரதிநிதிகள் இன்றி ஆளுநர்களின் கைகளில் இருந்தன. ஆதரவை மாற்றும் உரிமை தேர்தல் நடந்தால்தான் பொருள்படும்.

தீர்ப்பளிக்கும் வாய்ப்பு உரிய காலத்தில் கிடைக்கின்ற மக்கள், உரிமைக் கோரிக்கையையும் அன்றாட நிர்வாகத்தையும் தனித்தனியே எடைபோடும் முதிர்ச்சியைப் பெற்றுவிடுகின்றனர் என்பதையே ஸ்கொட்லாந்து காட்டுகின்றது. கட்சிகளுக்குக் கிடைப்பது கடன். அதனைக் கொடை என்று கருதிய தொழிற்கட்சி 2011 இலும், தேசியக் கட்சி 2024 இலும் வட்டியுடன் திருப்பிச் செலுத்த நேர்ந்தது. தமது மக்களின் பெயரால் பேசுகின்ற எந்தக் கட்சியும், அது எங்கிருந்தாலும், இதனை மனதிற் கொள்வது நல்லது.